எஸ்தரின் ஜன்னலும் உன் பவளச் சிவப்புச் சுவரும்

சாமுவேல், குழந்தைக்கு ரத்தம் எடுத்தாயிற்றா? நேற்றுக் காலை போனில் நான் சொன்னது அது ஒன்றுதான். "சின்னவன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ, ரத்தத்துல ஈயம் கீதான்னு பாக்கச் சொல்லு, இன்னிக்கே போ" என்றேன். "இன்னாத்துக்குப்பா?" என்று நீ கேட்டாய். "போயிட்டு வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஏழெட்டு முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டிருப்பாய். கோபித்துக்கொள். ஆனால் ஊசி குத்தினால் பிள்ளை அழுவானே என்று பெற்றவள் ரூபி தயங்கினால் அதை மட்டும் கேட்காதே. நீ போய்விட்டாய், அவன் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வருகிறது. பேசச் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் என் வழக்கப்படி உன்மேலேயே எரிந்து விழுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் திருநின்றவூர் வீட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினாய். கிறிஸ்துமஸுக்கு வந்து, என்னோடு சண்டை போட்டு, சொன்ன நாளுக்கு முன்னதாகவே கிளம்பிப் போனவன், கோபம் ஆறி முதன்முதலாக அனுப்பியது அந்தப் படம்தான். ஹாலின் வெறும் சுவரில் மாதிரிக்கு அடித்த ஐந்து சதுரம். ஐந்தும் சிவப்பு வகை. மற்ற நாலும் சுவரோடு சுவராக இருந்தன. மூன்றாவது மட்டும் எழுந்து முன்னால் வந்து நின்றது. கூடவே பேசியும் அனுப்பியிருந்தாய்: "மூணாவதுதாம்பா. கோரல் ரெட்டுன்றாங்கோ, பவளச் சிவப்பு. இன்னா கலருன்னு தெரியுதா? நம்ம ஊட்டு ஜன்னல் கலருப்பா! எஸ்தரக்கா ஜன்னலு! கடைக்காரன் புக்கு புக்கா காட்டிக்கினே இருந்தான், இத்தப் பாத்ததும் நிறுத்துன்னுட்டேன்." மறுநாள் அடுத்தது வந்தது. "அந்த ஜன்னலப் பேத்து வைப்பா. உனக்குப் புதுசா அலுமினிய ஜன்னல் போட்டுத் தரேன். பழச அப்படியே எடுத்தாந்து அந்தச் செவுத்துல மாட்டப்போறேன். வீட்டுப் பிரதிஷ்டைக்கு வர்றவங்க அசந்துடணும்." பின்னாலிருந்து ரூபியின் குரலும் கேட்டது: "மாமா, கீழ ஒரு மெத்தையப் போட்டு பாப்பா வெளையாடற எடமா ஆக்கப்போறோம்." அதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

அன்றிலிருந்து உன்னிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில், சிவப்பு வீட்டுக்கு ஆகாது, வாஸ்துப்படி தப்பு என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நாம எப்போப்பா வாஸ்து பாத்தோம்? பாஸ்டர் கேட்டா இன்னா சொல்வாரு?" என்றாய். பிறகு, அந்த நிறம் சூடு, பிள்ளைக்கு வேர்க்குரு வரும் என்றேன். கொத்தனார் வரவில்லை என்றேன். வந்தார், பேர்த்தால் சுவர் விரிசல் விடுமாம் என்றேன். நான் எந்தக் கொத்தனாரிடமும் பேசவில்லை. உங்கம்மாவை விட்டுப் பேச வைக்கலாம் என்று பார்த்தால், "அது போனா எனக்கு நிம்மதி, துடைச்சி மாளல" என்று அவள் உன் கட்சியில் சேர்ந்துகொண்டாள். போன ஞாயிறு நீ பொரிந்து தள்ளினாய்: "இன்னாப்பா சும்மா பேஜார் பண்ற? ஒரு பழைய கம்பி ஜன்னலுக்கு இத்தினி அழிச்சாட்டியமா? அடுத்த வாரம் நானே வண்டி வச்சிக்கினு வரேன், நீ ஒண்ணும் பண்ண வேணாம்." அந்த அடுத்த வாரம் வந்துவிட்டது. எனக்குச் சொல்வதற்குப் பொய்யும் தீர்ந்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் நிறத்தின்மேல் எனக்குச் சண்டை இல்லை. இருபத்தேழு வருஷம் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் இரும்புக்கு நிறம் அடித்துக்கொண்டு நின்றவன் நான், நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. ஊரே சந்தன நிறத்தையும் பால் நிறத்தையும் பூசிக்கொண்டு, பிள்ளை சுவரில் கை வைத்தால் அலறிக்கொண்டிருக்கும்போது, நீ துணிந்து பவளச் சிவப்பைக் கை காட்டினாயே, அந்தக் கொழுப்பு என்னிடமிருந்து வந்ததுதான். ஆனால் நாலு சுவருக்கும் அடித்துவிடாதே, வீடு அடுப்பு மாதிரி ஆகிவிடும். வாசலுக்கு நேர் எதிரே உள்ள ஒரு சுவர் போதும். மேற்கு வெயில் விழுகிற சுவராக இருந்தால் சாயங்காலத்தில் வீட்டில் எல்லார் முகமும் ஜுரம் கண்டதுபோலத் தெரியும், பார்த்துக்கொள். சிவப்பு லேசில் மூடாது. வெள்ளைமேல் நேராக அடித்தால் மூன்று கோட்டு போனாலும் திட்டுத் திட்டாக நிற்கும். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு கொடுக்கச் சொல். பெரிய அட்டையில் அடித்து, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்துப் பார். மேல்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும். டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. இப்படியே பெயிண்ட் பேசிக்கொண்டு போவது எனக்குச் சுலபம். சொல்ல வேண்டியது வேறு.

நம் ஜன்னலில் இருப்பது கடையில் வாங்கின பெயிண்டே கிடையாது. எஸ்தருக்கு அப்போது ஒன்றரை வயது, நீ பிறக்கவில்லை. கவரைப்பேட்டையில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டை அப்போதுதான் கட்டி முடித்தேன். என் அப்பா அடுத்தவர் கழனியில் வேலை செய்து, குடிசையிலேயே கண்ணை மூடியவர். நம் வகையறாவில் செங்கல் வைத்து முதலில் கட்டியவன் நான். சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்க முடிந்தது. ஆனால் ஜன்னலுக்கு மட்டும் எங்கள் கம்பெனி வெல்டர் ஒருவர், வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளை வைத்து விசிறி விரித்தாற்போல ஒரு கிராதி அடித்துக் கொடுத்தார். அதற்கு நிறம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் செய்தது இரும்புச் சட்டங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அவற்றுக்கு முதல் கோட்டாக ஒன்று அடிப்போம். 'ரெட் லெட்' என்று சொல்வோம், ஈயம் கலந்த பெயிண்ட். மூடியைத் திறந்தால் அப்படி ஒரு நிறம். சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, உன் மூன்றாவது சதுரம் அச்சு அசல். நாள் முழுக்க அதிலேயே நிற்கிறவனுக்கு, இது நம் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றாமல் இருக்குமா?

ஸ்டோரில் இருந்த பெரியவரிடம், "டப்பா அடியில தங்கறத எடுத்துக்கறேன் சார், ஜன்னலுக்கு" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஊட்ல கொழந்த கீதா?" என்றார். ஒரு பெண் குழந்தை என்றேன். "அப்போ வேணாம்பா. இது ஊட்டுக்கு ஆவாது. இரும்போட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் ஆகாது என்று நான் கேட்கவில்லை. தர மனசில்லாமல் சாக்கு சொல்கிறார், கழனி வேலைக்காரன் மகனுக்குக் கலர் ஒரு கேடா என்று நினைக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். மறுநாள் சாப்பிட்டு முடித்த டிபன் கேரியரின் அடித்தட்டில் பெயிண்டை ஊற்றி, மேலே காலித் தட்டுகளை அடுக்கி, கேட்டில் செக்கிங்கைத் தாண்டிக் கொண்டுவந்தேன். நாலு நாள் அப்படிக் கொண்டுவந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவின அதே தட்டில்தான் மறுநாள் உங்கம்மா குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். இதை எழுதும்போது என்னையே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது. ஜன்னல் ஜொலித்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "செவப்பு ஜன்னல் ஊடு எது?" என்று கேட்டால் ஸ்டேஷனிலேயே வழி சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடியும்போது ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தொண்டையில் இறங்கின தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லாரும் நம்பினோம். அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளத்தான் கொடுப்பது. வீட்டில் பிள்ளை இருக்கிறவன் எவன் போட்டுக்கொள்வான்? நான் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். பகலெல்லாம் அந்தப் பையில் என்னவெல்லாம் படிந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாலரை மணிக்குத் தெருமுனையில் என் சைக்கிள் மணி கேட்டதும் எஸ்தர் ஜன்னலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் உள்ளே வருகிறவரை அவளுக்குப் பொறுக்காது, வெளியிலிருந்தே கம்பி வழியாகக் கொடுக்க வேண்டும். தின்றுவிட்டுப் பிசுக்குப் பிடித்த கம்பியையும் நக்குவாள். நான் வர நேரமானால், காத்திருக்கிற நேரமெல்லாம் கம்பியில் வாயை வைத்துக்கொண்டே நிற்பாளாம், உங்கம்மா சொல்வாள். "கம்பி தித்திக்குதுப்பா" என்பாள் எஸ்தர். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். வெல்லம் ஒட்டிக்கொண்டதால் தித்திக்கிறது என்று நினைத்தோம். ஈயப் பெயிண்டே தித்திக்கும் என்று எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

மூன்று வயதில் அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. சுருண்டு சுருண்டு படுப்பாள். பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். முகம் வெளுத்தது, ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்தாள். பின்னால் வந்த நீ அவளைத் தாண்டி மேலே போய்விட்டாய். உங்கம்மா இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள், உனக்கே தெரியும். எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது, உங்கம்மா பம்பில் தண்ணீர் அடிக்கையில் அவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தாள், தலையில் சின்னதாக வீங்கியது. "நாந்தான் தவற வுட்டேன், அதான் எம்பொண்ணு இப்படி ஆயிட்டா" என்று சபையில் ஜெபம் பண்ணும்போதுகூட அழுவாள். நீ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "உடு, நடந்தது நடந்துபோச்சி" என்பேன். என்ன பெருந்தன்மை பார், அவளை நான் மன்னிக்கிறேனாம்.

எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது கம்பெனியில் ரெட் லெட்டை நிறுத்திவிட்டு வேறு பெயிண்ட் கொண்டுவந்தார்கள். அதற்காக ஒரு நாள் வகுப்பு நடந்தது. வந்தவர் படம் போட்டுக் காட்டி, ஈயம் உடம்பில் என்ன செய்யும், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்று சொன்னார். வயிற்றுவலி. வெளுத்த முகம். மறதி. படிப்பு ஏறாது. அவர் சொல்லச் சொல்ல, எஸ்தரை எதிரில் நிற்க வைத்துச் சொல்வதுபோல் இருந்தது. கடைசியில், "யாராவது இதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒருத்தனும் கையைத் தூக்கவில்லை. பாதிப் பேர் வீட்டுக் கேட்டும் தண்ணீர்த் தொட்டி மூடியும் அந்த நிறம்தான், எனக்குத் தெரியும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுவாரம் யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போனேன். "அதுவா இருக்கலாம். பிறவியிலேயே இருந்திருக்கவும் கூடும். பொண்ணக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பாக்கலாம்" என்றார். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. தெரிந்துவிடுமே என்று பயம். 'இருக்கலாம்' என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்குமேல் ஓட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குப் பச்சை அடித்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. பிரஷ்ஷைப் பிடிக்கிறேன் என்று நீ அடம் பிடித்தாய், கிட்டே வராதே என்று உன்னை விரட்டினேன். அது காய்வதற்குள் எஸ்தர் தரையில் புரண்டு, "என் கலரு குடு, என் கலரு குடு" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். மறுநாள் நான் வேலைக்குப் போனதும் ஒரு கரண்டியை எடுத்துச் சுரண்டிச் சுரண்டிப் பழைய நிறத்தையே வெளியே கொண்டுவந்துவிட்டாள். கீழே கொட்டின தூளைக் கூட்டி அள்ளியது உங்கம்மா. அதற்குப் பிறகு நான் அந்த ஜன்னலைத் தொடவில்லை. பேர்த்துப் போடவும் இல்லை. நல்ல ஜன்னலை இன்னாத்துக்குப் பேக்கற என்று உங்கம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு விஷத்தைச் சுவரிலேயே விட்டுவைத்தவன் உன் அப்பன்.

நீ எப்படித் தப்பித்தாய் என்று கேட்பாய். நானும் அதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீ எழுந்து நிற்கப் பழகியபோது எஸ்தருக்கு நாலு வயது. நீ ஜன்னல் பக்கம் போனாலே தள்ளிவிடுவாள். "என் ஜன்னலு" என்பாள். ஏறினால் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்குவாள். தம்பிக்குப் பாதி வெல்லம் கொடு என்றால் முழுசையும் வாயில் அடைத்துக்கொள்வாள். நீ அழுவாய். "பொறாம புடிச்ச கழுத, தம்பிக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று நான் அவள் முதுகில் வைப்பேன். ஒரு தடவை அல்ல, எத்தனையோ தடவை. நீ படித்தாய், டிப்ளமோ முடித்தாய், தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறாய், உனக்கென்று ஒரு சுவரும் அதில் அடிக்கப் பிடித்த நிறமும் இருக்கிறது. எல்லாம் என் மகனின் கெட்டிக்காரத்தனம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். கெட்டிக்காரன்தான் நீ. ஆனால் அந்த ஜன்னலில் உனக்கு இடம் கொடுக்காமல், வெல்லத்தில் பங்கு கொடுக்காமல் ஒருத்தி இருந்தாள். அவள் தெரிந்து செய்யவில்லை. அதற்குத்தான் நான் அவளை அடித்தேன்.

இப்போது கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நீங்கள் வந்து மூன்றாம் நாள், காலை நாஷ்டா முடிந்து நீயும் ரூபியும் கடைக்குப் போயிருந்தீர்கள். உங்கம்மா பின்னால் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் ஸ்டார் விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், இத்தனை வருஷமாக யாரையும் ஏறவிடாத ஜன்னலில் உன் பிள்ளையை ஏற்றி நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்குப் பல் முளைக்கிற நமநமப்பு. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஈறைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். உதட்டோரத்தில் சிவப்பாகப் பொடி. "தம்பி புள்ளைக்கு எடம் குடுத்தேம்பா" என்று எஸ்தர் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கினேன். அவள் கையில் ஓங்கி அடித்தேன். "சனியனே, உனக்கு அறிவு கீதா?" என்று கத்தினேன். யார், யாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி பார் அது.

நீ உள்ளே வந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். "முப்பத்து மூணு வயசுப் பொண்ணக் கை நீட்டி அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாப்பா?" என்றாய். நான் குழந்தையின் வாயைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். எஸ்தர் தெருமுனை வரைக்கும் உங்கள் பின்னாலேயே ஓடினாள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது, பிள்ளை அந்த ஜன்னலை விட்டுப் போகிறானே என்று. அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதுக்கு முன்னாடியும் ஏத்தினியா கண்ணு?" என்று கேட்டேன். "டெய்லியும்பா" என்றாள். டெய்லியும் என்றால் எத்தனை தடவை, எவ்வளவு நேரம், அவளுக்குச் சொல்லத் தெரியாது. அன்றிலிருந்து ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன். அப்போதும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஒரு நாள் போகட்டும், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், ரூபி அனுப்புகிற வீடியோவில் சிரிக்கிறானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எஸ்தரும் அந்த வயதில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முந்தாநாள் எஸ்தர் என் போனை எடுத்து வைத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளத் தள்ள, நீ முன்னே அனுப்பின சுவர்ப் படம் வந்தது. மூன்றாவது சதுரத்தின்மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தித்திப்புக் கலருப்பா" என்றாள். "தம்பி ஊட்ல தித்திப்புக் கலரு அடிக்கிறாங்க. புள்ளைக்குத் தித்திக்கும்" என்று கை தட்டினாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மதியம் அவளுக்குச் சொல்ல வராது. முப்பது வருஷத்து ருசி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, சாமுவேல். மறுநாள் காலை உன்னைக் கூப்பிட்டேன்.

ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது, பிரேயரில் முழங்கால் போட்டால் பயமாக இருக்கிறது. ஒன்றும் இல்லை என்று வந்தாலும் டாக்டர் சொன்னால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடு. இருக்கிறது என்று வந்தால் டாக்டரிடம் எதையும் மறைக்காதே. தாத்தா வீட்டு ஜன்னல், கம்பெனியிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த ஈயப் பெயிண்ட், பிள்ளை அதைக் கடித்தான் என்று அப்படியே சொல். என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எதையாவது விழுங்கிவிடாதே. என்னைத் திட்டுவதாக இருந்தால் அப்புறம் வந்து ஆற அமரத் திட்டு, நான் எங்கேயும் போய்விட மாட்டேன். ஜன்னலை எடுக்க வண்டி கொண்டுவராதே. கனமான பிளாஸ்டிக் தாளை உள்ளேயும் வெளியேயும் போட்டு, டேப் ஒட்டி மூடிவிட்டேன். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ யாரையும் விடமாட்டேன். முறை தெரிந்த ஆளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எஸ்தர், உங்கம்மா, நான் மூன்று பேரும் வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். நீயும் கொடுத்துவிடு.

நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பன் ஆகிவிட்டாய், அதனால் இது ஒன்றைச் சொல்கிறேன். உன் கையால் உன் பிள்ளைக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உனக்கும் ஒரு நாள் சந்தேகம் வரும். வராத அப்பன் கிடையாது. வந்த அன்றைக்கே ரூபியிடம் சொல்லிவிடு. சொன்னால் ஒரு நாள் சண்டை, இரண்டு நாள் அழுகை, அதோடு ஆஸ்பத்திரிக்காவது போவீர்கள். நான் சொல்லாமல் விட்டதில் எஸ்தருக்கு வைத்தியம் கிடைக்காமல் போயிற்று, உங்கம்மாவுக்கு நிம்மதி போயிற்று, இப்போது உன் பிள்ளை வரைக்கும் வந்து நிற்கிறது. அப்புறம், அந்தச் சுவர். இதையெல்லாம் படித்த பிறகு உனக்கு அந்த நிறத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகலாம். பிடித்தால் அதையே அடி. பிரதிஷ்டைக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எவ்வளவு நக்கினாலும் தித்திக்காத, சும்மா பார்ப்பதற்கு மட்டும் இருக்கிற ஒரு சிவப்பை அவள் ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

ஜன்னலை மூடினபோது அவள் அழவில்லை. அழுவாள் என்று பயந்துகொண்டுதான் மூடினேன். பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ள வந்தா நான் எப்படிப்பா பாக்கறது?" என்று மட்டும் கேட்டாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது அங்கேதான் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கம்மா இரண்டு நாளாக, "இன்னாதான் அப்படி எழுதிக்கினே கீற, எனக்குக் காட்ட மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முதலில் இதை அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். அவள் பம்படியில் நழுவ விட்டதற்காக முப்பது வருஷமாக அழுகிறாள், சாமுவேல். அவள் முழுசும் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஓட மாட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாளே, அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்ந்தால், உங்கம்மா படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். நான் எடுத்தால் பாதிப் பக்கம் வெட்டுப்பட்டுப் போகும். எஸ்தர்தான் எடுப்பாள், அந்த வேலையை அவள் சரியாகச் செய்வாள். நான் தாளைப் பிடித்துக்கொள்வேன், அவள் பட்டனை அமுக்குவாள். இதில் ஒரு எழுத்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தின் ஓரத்தில் எங்கேயாவது ஒரு விரல் தெரிந்தால், அது அவள் விரல்.